அப்பா பெயரைக் கூப்பிடும் வரிசை

அதிகாரி "ஆவுடையப்பன்" என்று மூன்று முறை கூப்பிட்டாள். முதல் இரண்டு முறைக்கு யாரும் எழுந்திருக்கவில்லை, மூன்றாவது முறைக்கு ஆவுடையப்பனே வந்துவிட்டார். காக்கிச் சட்டை, தோளில் தோல் பை, காதில் பென்சில், அம்பாசமுத்திரம் பேருந்தில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது என்ன கோலத்தில் இருந்தாரோ அதே கோலத்தில், எங்கள் நாற்காலிகளுக்கு நடுவே வழி விலக்கிக்கொண்டு வந்து நின்று, "எவன்ல அது, என் பேரச் சொல்லி ஏலம் போடுறது?" என்று கேட்டார். அவர் செத்து நான்கு வருடம் ஆகியிருந்தது.

எந்த நாட்டு விமான நிலையம் என்று சொன்னால் நாளைக்கே அங்கே கூட்டம் கூடிவிடும், ஆகையால் சொல்லமாட்டேன். பனி பெய்கிற நாடு, காலை நேரம், எங்கள் விமானம் தாமதமாக இறங்கியிருந்தது, நாங்கள் எல்லோரும் அங்கே குடியேற்றச் சோதனை முடித்து வேறு வேறு ஊர்களுக்கு விமானம் மாறிப் போகவேண்டியவர்கள், அந்த விமானங்களோ எங்களுக்காகக் காத்திருப்பதாக யாரிடமும் சத்தியம் செய்துகொடுக்கவில்லை. பெரியவர்களின் பாஸ்போர்ட்டுகளை மட்டும் மொத்தமாக வாங்கிக்கொண்டு, கயிறு கட்டிய இடத்தில் எங்களை உட்காரவைத்து, ஒவ்வொருவராகக் குடும்பப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பியே ஆகவேண்டும் என்றதும் ஆளாளுக்கு அப்பா பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள்தானே நாம். கூப்பிடுவது நம்மை என்று நமக்கு உறைப்பதில்லை. நம் அப்பாவை யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா உட்கார்ந்திருக்கிறோம், மூன்று முறை கூப்பிட்டால் அவர்தான் வருவார், வேறு யார் வருவார்கள்?

முப்பிடாதி எழுந்து நின்றாள். கல்லிடைக்குறிச்சிக்காரி, எட்டு வயது மகள் சுடர்விழியோடு முதன்முதலாக வெளிநாடு வந்தவள். "யப்பா" என்றாள்.

"நீயாட்டி? நீ என்னட்டி செய்யுத இங்க?"

"சுடரு அப்பாட்டப் போறோம்பா."

"மாப்ளைட்டயா? எந்தூருல இருக்காவ?"

அவள் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாள், அது அவர் வாயில் நுழையவில்லை. அவளுடைய கணவன் மூன்று வருடமாக வடக்கே ஒரு கடற்கரை ஊரில் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்க்கிறான், இப்போதுதான் குடும்பத்தை அழைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது, இங்கேயிருந்து ஒரு சின்ன விமானத்தில் போய் இறங்கினால் அவன் கார் கொண்டுவந்து நிற்பான் என்று அவள் தன் அப்பாவுக்குச் சொன்னதை நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். ஆவுடையப்பன் பேத்தியின் கன்னத்தைத் தட்டினார். பிறகு வரிசையைப் பார்த்தார். இருபத்தெட்டு வருடம் கண்டக்டராக இருந்தவருக்கு அது பொறுக்கவில்லை. "வழியில பையப் போடாதீங்கய்யா, முன்னால எடம் கெடக்குல்லா, தள்ளி நில்லுங்க, தள்ளி நில்லுங்க" என்று ஆரம்பித்துவிட்டார், நாங்களும் தள்ளி நின்றோம்.

மகளும் அப்பாவுமாக மேசைக்குப் போனார்கள். அதிகாரி முப்பிடாதியின் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திவிட்டு, குழந்தையுடையதை வாங்கிப் பார்த்தாள், முகத்தைச் சுருக்கினாள். அம்மாவின் குடும்பப் பெயர் ஒன்று, மகளின் குடும்பப் பெயர் வேறு. இவள் உன் மகள்தானா, இவளுடைய தகப்பன் எங்கே, அவன் சம்மதித்துத்தான் கூட்டிப்போகிறாயா என்று கேட்டாள். எங்கள் ஊரில் ஒரே வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் வேறு வேறு அப்பாக்கள்தான் அம்மா என்று அந்த ஊர்க்காரிக்கு எப்படிப் புரியவைப்பது? கடைசி மேசையில் இருக்கிற பெரிய அதிகாரி விசாரிப்பார், அந்த வரிசையில் போய் நில் என்று பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். முப்பிடாதி அந்த வரிசையில் போய் நின்றாள், பக்கத்தில் ஆவுடையப்பனும் நின்றார்.

அதன் பிறகு அப்பாக்கள் வர ஆரம்பித்தார்கள்.

அறந்தாங்கிக்காரர் ஒருவருடைய அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டியிருந்த பச்சைத் துணியோடு வந்து, வந்தவுடன் மகனுடைய தொப்பையைப் பற்றி விசாரித்தார். ஒரு டாக்டரம்மாளின் அப்பா தூக்கக் கலக்கத்தோடு வந்து, மகள் தலைமுடியை வெட்டிக்கொண்டதைப் பார்த்துவிட்டு வாயே திறக்காமல் நின்றார். என் அப்பாவும் வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார், "செருப்பு எங்க வாங்கின?" என்றார், விலையைச் சொன்னேன், தலையில் அடித்துக்கொண்டார், எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, மேசைக்குப் போகாமல் அவரோடு நின்றுகொண்டேன். நம்மைப் போலவே அப்பா பெயரைப் பின்னால் வைத்துக்கொள்ளும் எத்தியோப்பியாக்காரி ஒருத்தியின் அப்பாவும் வந்தார், எங்கள் அப்பாக்கள் அவரோடு எந்த மொழியில் பேசினார்களோ தெரியாது, மழையைப் பற்றிப் பேசியதாக மட்டும் தெரிந்தது. குடும்பப் பெயர் உள்ள வடநாட்டு அம்மாள் ஒருத்தியை மூன்று முறை கூப்பிட்டும் யாரும் வரவில்லை, அந்தப் பெயர் ஒரு ஊருக்கே பொது என்பதால் யாரும் தன்னைக் கூப்பிட்டதாக நினைக்கவில்லைபோலும். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையிலிருந்த லட்டு டப்பாவைத் திறந்து எங்கள் அப்பாக்களுக்குக் கொடுத்தாள்.

விமான நிலையத்துக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. முதலில் ஒருவன் வந்து அப்பாக்களை எண்ணப் பார்த்தான், எண்ணிக்கொண்டிருக்கும்போதே இன்னும் இரண்டு பேர் வந்ததால் விட்டுவிட்டான். பிறகு நாற்காலிகள் கொண்டுவந்து போட்டார்கள், காபி கொடுத்தார்கள், உடன்வந்தவர்கள் மேசைகளுக்கு அப்பால் இருக்கிற மஞ்சள் கோட்டைத் தாண்டக்கூடாது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அதை அவர்கள் சொல்லியிருக்கவே வேண்டாம். மஞ்சள் கோடு வந்ததும் அப்பாக்கள் தாமாகவே நின்றார்கள், "நீ போப்பா" என்றார்கள், கோட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தவர்களுக்கு அங்கே காலி இடம்தான் தெரிந்தது. அழுதார்கள், மூக்கைச் சிந்தினார்கள், பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த விமானத்துக்கு ஓடினார்கள். ஒரு நாளும் கிடைக்காதது கொஞ்ச நேரம் கிடைத்தது என்று அதையும் ஏற்றுக்கொள்ளத்தான் பழகியிருந்தோம்.

எங்களுக்கு இரண்டு சங்கதிகள் சீக்கிரமே பிடிபட்டன. ஒன்று, முதல் அழைப்பிலேயே "நான்தான்" என்று சொல்லிவிட்டால் அப்பா வரமாட்டார், சும்மா இருந்தால்தான் வருவார். அதனால் எல்லோரும் காது கேளாதவர்கள்போல உட்கார்ந்திருந்தோம். இரண்டாவது, உயிரோடு இருக்கிற அப்பா எத்தனை முறை கூப்பிட்டாலும் வருவதில்லை. காரைக்குடிக்காரர் ஒருவர் ஆசையாசையாகக் காத்திருந்தார், யாரும் வரவில்லை. "கிழவன் அங்க சீட்டு ஆடிக்கிட்டு இருப்பாரு" என்று சிரித்துக்கொண்டே போனார்.

சுடர்விழி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அம்மா, இந்த அப்பால்லாம் எங்கேருந்து வாராங்க?" என்று கேட்டாள்.

"தூரத்துல இருந்துட்டி."

"நம்ம அப்பாவும் தூரத்துலதான இருக்காங்க?"

முப்பிடாதி "உம்" என்றாள். அவள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் "வேலுச்சாமி" என்று கூப்பிட்டார்கள். அது சபரீஷ் என்கிற பொள்ளாச்சிப் பையனுடைய அப்பா பெயர், பையன் மேற்படிப்புக்குப் போகிறவன், எங்களோடு விமானத்தில் வந்த வழியெல்லாம் சிரிக்கவைத்துக்கொண்டு வந்தவன். அவன் காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான், கவனிக்கவே இல்லை. இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். மூன்றாம் முறை கூப்பிட்டார்கள். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கணுக்கால்வரை சேறோடு, கையில் ஸ்பானரோடு ஒருவர் வந்து அவன் முன்னால் நின்றார்.

"ஏஞ்சாமி, சாப்பிட்டயா?"

சபரீஷ் காதிலிருந்ததைப் பிடுங்கினான். "அப்பா? நீங்க எப்படிங்ப்பா இங்க? நேத்துத்தானுங்ளே பேசுனோம்?"

"மோட்டார் ஓடலைன்னு தோட்டத்துக்குப் போனன் கண்ணு. ஒயரத் தொட்டன். அப்பறம் நீ கூப்பிட்டாப்பல இருந்துது" என்றார் வேலுச்சாமி, தன் கையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு.

பையன் எங்களைப் பார்த்துச் சிரித்தான். "இல்லீங்க, இவரு நல்லாத்தானுங்க இருக்காரு, நீங்க வேற மாதிரி நெனைக்காதீங்க" என்றான். நாங்கள் யாரும் எதுவும் நினைத்ததாகச் சொல்லவில்லை. அவன் போனை எடுத்தான், அது அவன் கையிலேயே அடித்தது. எடுத்துக் காதில் வைத்தான். மறுமுனையில் ஒரு பெண் போட்ட சத்தம் அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது. வேலுச்சாமி ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, மகனுடைய முதுகில் கை வைத்தபடி நின்றார்.

எங்கள் அப்பாக்கள் பேச்சை நிறுத்தினார்கள். செத்தவர்கள் வந்ததற்கு அதிராத நாங்கள், உயிரோடு இருக்கிறவர்களை நினைத்து அதிர்ந்து போனோம். அதுவரை செவிடுபோல உட்கார்ந்திருந்தவர்களில் அப்பா உயிரோடு இருக்கிறவர்கள் எல்லோரும் ஊருக்குப் போன் போட ஆரம்பித்தார்கள். தாம்பரத்துப் பெண் ஒருத்தி தன் அப்பாவை போனில் பிடித்துவைத்துக்கொண்டு, "அப்பா, வைக்காதீங்க, பேசிட்டே இருங்க, காலைல என்ன டிபன், சட்னி என்ன, சும்மா சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே மேசைக்குப் போனாள். அதிகாரி வாயைத் திறப்பதற்குள் "நான்தான், நான்தான்" என்று கத்தினாள். ஒருவர், என் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுங்கள், நான் ஊருக்கே போய்விடுகிறேன் என்று மன்றாடினார். இன்னொருவர், யாரும் கூப்பிடாமலே எழுந்து நின்று "ஆஜர்" என்று சொன்னபடி இருந்தார்.

முப்பிடாதி தன் கணவனுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள், இந்த முறை மணியே அடிக்கவில்லை. அவன் கடைசியாக அனுப்பியிருந்த செய்தியை என்னிடம் நீட்டிக் காட்டினாள். கிளம்பிவிட்டேன், பனி கொட்டுகிறது, பாப்பாவுக்கு ஜாக்கெட் எடுத்து வருகிறேன் என்று எழுதியிருந்தான். அதற்கு அவள் அனுப்பிய பதில்கள் எல்லாம் அவனுக்குப் போய்ச் சேராமல் ஒரே ஒரு டிக்கோடு நின்றிருந்தன.

"காரு ஓட்டும்போது எடுக்கமாட்டாரும்மா" என்றேன்.

"ஆமாண்ணே, எடுக்கமாட்டாக" என்றாள்.

அவளுக்கு முன்னால் இரண்டே பேர்தான் இருந்தார்கள். அவள் பின்னால் நின்றவரைப் பார்த்து "நீங்க போங்க" என்றாள். அவர் போனதும் அதற்கும் பின்னால் நின்றவரிடம் "நீங்க போங்க" என்றாள். கர்ப்பிணி ஒருத்திக்கு வழிவிட்டாள், கிழவர் ஒருவருக்கு வழிவிட்டாள், அவசரமே இல்லை என்று கையை ஆட்டிய ஒரு வெள்ளைக்காரனைக்கூடப் பிடித்து முன்னால் தள்ளினாள். வரிசை அவளைத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தது. அவள் ஏறவேண்டிய விமானத்துக்கு ஒலிபெருக்கியில் கடைசி அழைப்பு கொடுத்துவிட்டார்கள்.

ஆவுடையப்பனுக்குப் பொறுக்கவில்லை. "என்னட்டி இது, எல்லாரையும் முன்னால விட்டுட்டு நீ பின்னாலயே போற? வண்டி எடுத்துருவான்."

"யப்பா," என்று அவள் அவருடைய சட்டைக்கையைப் பிடித்தாள். "அங்க... நீங்க இருக்கிற எடத்துல... அவுகளப் பாத்தியளா?"

அவர் தோல் பையின் வாரைச் சரிசெய்தார். "அங்க எவன் எவனப் பாக்கான்? நான் பாக்கலட்டி."

"நெசமா?"

"நெசமாத்தான் சொல்லுதேன். நீ போ. அங்க அந்தப் பய ஒத்தைல வந்து நின்னுக்கிட்டு, இன்னும் காணலையேன்னு தவிச்சுக்கிட்டு இருப்பான்."

அந்த வார்த்தைதான் அவளை அசைத்தது. உயிரோடு இருந்தால் அவன் காத்துக்கொண்டிருப்பான், போகாவிட்டால் அவன் தவிப்பான். போனால் அவன் பெயரை இவர்கள் வாய்விட்டுச் சொல்வார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அந்தப் பெயரைச் சொன்னதில்லை, புருஷன் பெயரைச் சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்று அவள் வீட்டில் வளர்த்திருந்தார்கள், அதை அவள் நம்பினாளோ இல்லையோ, வாய் வராது. இப்போது கேட்கவும் பயந்தாள். கீழே உட்கார்ந்து மகளுடைய இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள்.

"சுடரு, நல்லாக் கேளு. அந்த ஆபீசர் அப்பா பேரச் சொல்லுவாங்க. சொன்ன ஒடனே, ஸ்கூல்ல சொல்லுவல்லா, அந்த மாதிரி சத்தமா 'நான்தான்'னு சொல்லணும். என்ன?"

"ஏம்மா?"

"சொல்லணும்னா சொல்லணும். எங்க, சொல்லு பாப்போம்."

"நான்தான்" என்றாள் சுடர்விழி. நன்றாகத்தான் சொன்னாள். நாங்கள்கூடப் பக்கத்திலிருந்து இரண்டு தடவை சொல்லிப் பழக்கினோம். அந்த நேரத்தில் எங்கள் விமானங்களைப் பற்றி எங்கள் ஒருவருக்கும் நினைப்பு இல்லை, போகவேண்டியவர்கள்கூடப் போகாமல் நின்றுவிட்டார்கள்.

கடைசி மேசையின் அதிகாரி கண்ணாடி போட்ட, சாதுவான மனிதர். முப்பிடாதி மகளின் பாஸ்போர்ட்டை விரித்துக் கொடுத்தாள், பெயர் இருக்கிற இடத்தில் கட்டைவிரலை அழுத்தி வைத்திருந்தாள். அவர் மரியாதையாக விரலை எடுக்கச் சொன்னார். அவள் எடுக்கவில்லை. அவர் மெதுவாக அவள் விரலை நகர்த்திவிட்டு வாசித்தார்.

"தங்கத்துரை."

சுடர்விழி பேசவில்லை.

"நான்தான், நாங்கதான்" என்று முப்பிடாதி கத்தினாள். அதிகாரி தலையை ஆட்டினார். உங்களைக் கேட்கவில்லை, குழந்தையின் பெயர், குழந்தைதான் சொல்லவேண்டும் என்றார். பயப்படாதே என்பதுபோலக் குழந்தையைப் பார்த்துச் சிரித்தார்.

"சொல்லுட்டி! சுடரு, சொல்லுட்டி!"

சுடர்விழி உதட்டை உள்ளே மடித்து இறுக்கிக்கொண்டாள். அம்மாவைப் பார்க்கவில்லை, அதிகாரியைப் பார்க்கவில்லை, பின்னால் திரும்பி, அப்பாக்கள் வருகிற வழியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தங்கத்துரை" என்றார் அதிகாரி இரண்டாவது முறை.

முப்பிடாதி மகளைப் பிடித்து உலுக்கினாள், முதுகில் அடித்தாள், வாயைக் கையால் பிளக்கப் பார்த்தாள். "சொல்லிருட்டி, என் தாயி, சொல்லிரு" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். நாங்கள் எல்லோரும் கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து "சொல்லு பாப்பா, சொல்லு பாப்பா" என்று கத்தினோம். காவலர்கள் ஓடிவந்தார்கள். அந்தப் பிள்ளைக்குக் கண்ணீர் வழிந்தது, ஆனால் வாய் திறக்கவில்லை.

"தங்கத்துரை."

யாரும் வரவில்லை. நான் மூச்சை விட்டேன், ஐயோ நல்லவேளை என்று எனக்குப் பின்னால் யாரோ சொல்லவும் சொன்னார்கள். அப்போது எங்களுக்குப் பின்னாலிருந்து, இஸ்திரி போட்ட புதுச் சட்டையும், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையும், கையில் ஒரு சின்ன ரோஜா நிற ஜாக்கெட்டுமாக ஒருவன் வழி கேட்டுக்கொண்டு வந்தான். அவன் தோளிலும் தலையிலும் பனி கிடந்தது. அவ்வளவு கதகதப்பான கூடத்தில் அது கரையவில்லை.

வந்தவன் மனைவியைப் பார்த்தான், மகளைப் பார்த்தான். "வந்துட்டீங்களா? நேரமாயிருச்சேன்னு கொஞ்சம் வெரசா ஓட்டிட்டேன்" என்றான், தப்புச் செய்தவன் குரலில்.

அதுவரை வாய் மூடாமல் எங்களை எல்லாம் ஓட்டிக்கொண்டிருந்த ஆவுடையப்பன் ஒரு அடி தள்ளி நின்று பக்கத்தில் இடம் விட்டார். "வாங்க மாப்ள" என்றார்.

முப்பிடாதி அழவில்லை, அசையவும் இல்லை. அதிகாரி வந்தவனைப் பார்த்தார், ஜாக்கெட்டைப் பார்த்தார், குழந்தை ஓடிப்போய் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டதைப் பார்த்தார். தகப்பன் எங்கே என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்ட நிம்மதியோடு முத்திரையைக் குத்தினார். உங்கள் விமானத்தின் கதவை இன்னும் மூடவில்லை, ஓடுங்கள் என்றார்.

சுடர்விழி ஒரு கையால் அப்பாவையும் மறு கையால் அம்மாவையும் பிடித்து மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் இழுத்தாள். முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

"பாத்தியாம்மா? நீ எவ்வளவு அடிச்சும் நான் வாயவே தொறக்கலல்லா?"